காபி மணக்கும் பால்கன் மலைகள்

ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் என்றதும் பாரிஸின் ஈபிள் கோபுரமும் சுவிட்சர்லாந்தின் பனிமலையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நாங்கள் பால்கன் நாடுகளுக்குப் போகிறோம் என்று சொன்னதும், "அங்கே சண்டை நடந்த இடமாச்சே! பார்க்க என்ன இருக்கு?" என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

இரண்டு வாரம் சுற்றிவிட்டு வந்து சொல்கிறேன். குடித்தனம் நடத்தும் பெண்கள் பார்க்க வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது. சண்டை நின்ற பிறகு பெண்கள் எப்படி அடுப்பு மூட்டினார்கள், எப்படிப் பிள்ளைகளை வளர்த்தார்கள், பக்கத்து வீட்டுக்காரியோடு மறுபடி எப்படிப் பேசினார்கள் என்பதையெல்லாம் அங்கே நேரிலேயே பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஒரு காலத்தில் யூகோஸ்லாவியா என்று ஒரே நாடாக இருந்த பூமி இது. நம் நேருவும், அந்த நாட்டுத் தலைவர் டிட்டோவும் நல்ல நண்பர்கள். அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961-ல் நடந்தது அங்குள்ள பெல்கிரேடு நகரில்தான். 1991-லிருந்து அந்த நாடு துண்டு துண்டாக உடைந்தது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர், முஸ்லிம்கள் என்று ஒரே தெருவில் கலந்து வாழ்ந்தவர்களிடையே போர் மூண்டது. இப்போது அங்கே பல தனி நாடுகள். நாங்கள் பார்த்தது மூன்று: குரோவேஷியா, போஸ்னியா, வட மாசிடோனியா.

எழுநூறு வயது மருந்துக்கடை

இஸ்தான்புல்லில் விமானம் மாறி முதலில் இறங்கியது குரோவேஷியாவின் டூப்ராவ்னிக். நீலக் கடலோரத்தில் ஒரு கோட்டை நகரம். சுற்றிலும் 1,940 மீட்டர் நீளத்துக்கு மதில். அதன் மேலேயே நடந்து ஊரைச் சுற்றி வரலாம். ஏறி இறங்குவதற்குள் முழங்கால் கெஞ்சுகிறது! ஆனால் மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் செக்கச் செவேலென்று ஓட்டுக் கூரைகள். சில ஓடுகள் மங்கிப் பழுப்பாக இருக்கின்றன. மற்றவை பளிச்சென்று புதிதாக. புதிய ஓடு போட்ட வீடுகளில் நிறைய 1991-ல் குண்டு விழுந்த வீடுகளாம். அந்த வருஷம் டிசம்பர் 6-ம் தேதி பழைய ஊரின் மீதே சரமாரியாகக் குண்டு பொழிந்திருக்கிறார்கள்.

என் மனசைக் கவர்ந்தது பிரான்சிஸ்கன் துறவிகள் மடத்தில் இருக்கும் மருந்துக்கடை. 1317-ல் ஆரம்பித்தது. இன்றைக்கும் அங்கே மருந்து விற்கிறார்கள்! பழைய குறிப்புகளைப் பார்த்துத் தயாரித்த முகப்பூச்சுகள் வாங்கப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஒரு டப்பா ரோஜாக் களிம்பு வாங்கினேன்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் தனிமைப்படுத்தப்பட்டு அறைக்குள் அடைந்து கிடந்தோமே, அதற்குச் சட்டம் போட்ட முன்னோடி ஊர் இதுதான். கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் ஒரு மாதம் ஒதுக்குப்புறத்தில் தங்கிய பிறகே ஊருக்குள் வரலாம் என்று 1377-லேயே உத்தரவு போட்டார்கள். 1432-ல், பெற்றவர்கள் கைவிட்ட சிசுக்களை வளர்க்க ஓர் இல்லமும் தொடங்கினார்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன்பே ஓர் ஊர் இதையெல்லாம் யோசித்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

பாலமும் பள்ளிக்கூடமும்

டூப்ராவ்னிக்கிலிருந்து பஸ்ஸில் எல்லை கடந்து போஸ்னியாவின் மோஸ்டார் நகருக்குப் போனோம். அங்கே நெரெத்வா என்ற ஆறு, பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றியதுபோல் ஓடுகிறது. அதன் மேல் வில்லாக வளைந்த கல் பாலம் 1566-ல் துருக்கியர் காலத்தில் கட்டியது. நானூறு வருஷத்துக்கு மேல் நின்ற அந்தப் பாலத்தை 1993 நவம்பர் 9-ம் தேதி பீரங்கியால் சுட்டு ஆற்றில் தள்ளிவிட்டார்கள். போர் முடிந்து, அதே மாதிரிக் கல்லை வெட்டி எடுத்து, அதே முறையில் திரும்பக் கட்டி, 2004 ஜூலையில் திறந்தார்கள்.

கல் வழவழவென்று வழுக்குகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பாலத்தின் உச்சியிலிருந்து ஊர்ப் பையன்கள் ஆற்றில் குதிக்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இவனுடைய அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்வாளோ!" என்றேன். "அவளுடைய அப்பாவும் இங்கேதான் குதிச்சிருப்பார், போ!" என்று என் கணவர் சிரித்தார்.

பாலத்தைக் கட்டிவிட்டார்கள். மனசுகளை இணைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. போருக்குப் பிறகு போஸ்னியாவின் சில ஊர்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் நடத்தும் ஏற்பாடு வந்தது. ஒரு சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், இன்னொரு சமூகத்துக்கு வேறு. யாய்ட்சே என்ற சிற்றூரில் இப்படிப் பிரித்துப் புதிதாக ஒரு பள்ளி தொடங்கத் திட்டமிட்டபோது, எதிர்த்து நின்றவர்கள் மாணவர்களே! 2016-லும் 2017-லும் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஊர்வலம் போய், "எங்களைப் பிரிக்காதீர்கள்" என்று கேட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் செய்யத் தயங்கியதைச் சின்னப் பிள்ளைகள் செய்து காட்டினார்கள்.

முற்றுகையில் குடித்தனம்

மோஸ்டாரிலிருந்து மலைகளுக்கு நடுவே ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் தலைநகர் சாரயேவோ. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணத்துக்குள் வைத்ததுபோல் ஊர். அந்த அழகே அதற்கு எமனாக வந்தது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, மொத்தம் 1,425 நாட்கள், செர்பியப் படைகள் மலை மேல் பீரங்கிகளை நிறுத்தி ஊரை முற்றுகையிட்டார்கள்.

மார்க்காலே என்ற காய்கறி மார்க்கெட்டுக்குப் போனோம். தக்காளி, திராட்சை, வீட்டில் செய்த பாலாடைக்கட்டி என்று தலையில் துணி கட்டிய பாட்டிகள் கூவி விற்கிறார்கள். பேரம் பேசினால் குறைக்கிறார்கள்! பின்பக்கச் சுவரில் வரிசையாகப் பெயர்கள். 1994 பிப்ரவரி 5-ம் தேதி, சனிக்கிழமை, சாமான் வாங்க வந்த கூட்டத்தில் ஒரே ஒரு குண்டு விழுந்து இறந்த 68 பேரின் பெயர்கள் அவை. நம்மைப்போல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தானே! கையிலிருந்த திராட்சைப் பொட்டலம் கனத்தது.

தெருக்களில் ஆங்காங்கே தரையில் சிவப்புப் பூப்போல் ஒரு கறை தெரியும். குண்டு விழுந்து ஆள் இறந்த பள்ளங்களில் சிவப்புப் பிசின் ஊற்றி வைத்திருக்கிறார்கள். 'சாரயேவோ ரோஜா' என்று பெயர். 2012-ல், முற்றுகை தொடங்கி இருபது வருஷம் ஆனபோது, பிரதான வீதியில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்தார்களாம். அதில் 643 நாற்காலிகள் சின்னவை. குழந்தைகளுக்காக.

மேல் மாடியிலிருந்து வந்த பால் பவுடர்

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரி அறுபது வயதைத் தாண்டிய முஸ்லிம் அம்மாள். இந்தியா என்றதும், "நேரு, டிட்டோ!" என்று இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். மற்றதையெல்லாம் அவருடைய மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். போர் தொடங்கியபோது இந்த மகள் பத்து மாதக் குழந்தை!

"முதல் பனிக்காலத்தில் நாற்காலிகளை எரிச்சோம். அடுத்த பனிக்காலத்தில் பழைய செருப்பு, புஸ்தகம் எல்லாம் அடுப்புக்குப் போச்சு. தகர டப்பாவை வெட்டி அடுப்பு செஞ்சோம். தண்ணி கிடைச்சது பீர் தொழிற்சாலையில்தான். அங்கே ஊற்று இருந்தது. மணிக்கணக்கா வரிசையில் நின்னு, குடத்தை இழுத்துக்கிட்டு ஓடுவேன். தெரு முனையில் துப்பாக்கிக்காரன் குறி பார்த்துக்கிட்டு இருப்பான்."

குழந்தைக்குப் பால்?

அவர் கூரையைக் காட்டினார். மேல் மாடியில் ஒரு செர்பிய ஆர்த்தடாக்ஸ் குடும்பம். அந்த வீட்டம்மாள் நிவாரணப் பொட்டலத்தில் தனக்கு வந்த பால் பவுடரைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாராம். "என் பிள்ளைகள் பெரியவர்கள், கஞ்சி குடிப்பார்கள்" என்பாராம். காபிக்கொட்டை கிடைக்காத நாட்களில் பருப்பை வறுத்து அரைத்து, அதையே காபி என்று சொல்லி இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த மேல் வீட்டுப் பாட்டி கைத்தடியோடு வந்துவிட்டார். காபி போட ஆரம்பித்தார்கள். நீண்ட பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரம், 'ஜெஸ்வா' என்கிறார்கள். மாவுபோல் அரைத்த தூளைப் போட்டு, கொதிக்கும் வெந்நீரைக் கொட்டி, நுரை பொங்கும்வரை மறுபடி அடுப்பில் வைக்கிறார்கள். வடிகட்டுவது கிடையாது. மண்டி அடியில் தங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பிடியில்லாத குட்டிக் கிண்ணத்தில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியின் நுனியை அதில் நனைத்துக் கடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். நம் டிகிரி காபிக்கு ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிண்ணம் காபி ஒரு மணி நேரம் ஓடுகிறது! விருந்தாளியை வரவேற்க ஒரு காபி, அரட்டைக்கு ஒரு காபி, 'போதும், கிளம்பு' என்று சொல்லாமல் சொல்ல ஒரு காபி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரே உண்டு. அக்கம்பக்கத்து உறவை 'கொம்ஷிலுக்' என்கிறார்கள். ரத்த உறவுக்குச் சமமாக மதிப்பார்களாம்.

"எப்படி உங்களால் பகை இல்லாமல் இருக்க முடிந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

மேல் வீட்டுப் பாட்டி தோளைக் குலுக்கினார். "குண்டு எங்க ரெண்டு பேர் வீட்டு ஜன்னலையும்தான் உடைச்சது."

"எதிர் வீட்டில் யார் இருந்தார்கள்?" என்றார் என் கணவர். பாட்டிகள் இருவரும் பேசவில்லை. மகள்தான் மெதுவாகச் சொன்னாள். போர் தொடங்குவதற்கு முந்தின வாரம் அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னது நடக்கப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அம்மா நம்புகிறார். பல வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்ததாம். அம்மா இன்னும் அதைப் பிரிக்கவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. அலமாரியில் காபிக் கிண்ணங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. மகள் அடுத்த ஜெஸ்வாவை அடுப்பில் வைத்தாள்.

ஓர் அம்மாவின் ஊர்

கடைசியாக, பெல்கிரேடு வழியாகப் பஸ் மாறி, வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேவுக்கு வந்தோம். நம் அன்னை தெரசா 1910 ஆகஸ்ட் 26-ம் தேதி பிறந்தது இந்த ஊரில்தான். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சர்ச் இருந்த இடத்தில் 2009-ல் ஒரு நினைவு இல்லம் கட்டியிருக்கிறார்கள். நீலக்கரை வெள்ளைச் சேலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததும், அந்நிய ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

எனக்கு அவருடைய தாயாரின் நினைவுதான் அதிகம் வந்தது. 1919-ல் கணவர் இறந்துவிட, துணி வியாபாரம் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்த பெண்மணி. அந்த நிலைமையிலும் ஏழைகளைக் கூப்பிட்டுத் தம் வீட்டு மேஜையில் சாப்பாடு போடுவாராம். கடைக்குட்டி 1928-ல், பதினெட்டு வயதில், கன்னிகாஸ்திரீயாகப் புறப்பட்டாள். அதன் பிறகு அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்ளவே இல்லை. தாயார் பிற்பாடு குடியேறிய அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் அரசு கதவை இறுக்கிச் சாத்திவிட்டது. தாயார் 1972-ல் காலமானார். உலகத்துக்கே அம்மாவாக இருந்தவருக்குத் தம் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை!

நாங்கள் போனது செப்டம்பர். தெருவெல்லாம் சிவப்புக் குடைமிளகாய் சுடும் வாசனை. 'ஐவார்' என்ற தொக்கை ஒவ்வொரு வீட்டிலும் வருஷத்துக்கு வேண்டிய மட்டும் கிளறி வைக்கிறார்கள், நாம் வடகம் ஊறுகாய் போடுகிற மாதிரி. நீங்களும் செய்யலாம். சதைப்பற்றுள்ள சிவப்புக் குடைமிளகாய் ஒரு கிலோ, பெரிய கத்திரிக்காய் ஒன்று. இரண்டையும் தணலில் தோல் கருகும்வரை சுட்டு, மூடி வைத்து, ஆறியதும் தோலை உரித்து, விதை நீக்கிக் கொத்திக்கொள்ளுங்கள். வாணலியில் எண்ணெய் விட்டு, உப்பும் பூண்டும் சேர்த்து, நீர் சுண்டிச் சுருளும்வரை கிளறி, கடைசியில் ஒரு ஸ்பூன் வினிகர். சப்பாத்திக்கு அபாரம்!

போகிறவர்களுக்கு

குரோவேஷியாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மற்ற இரண்டு நாடுகளுக்கும் விதிகள் அவ்வப்போது மாறுவதால் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணமும் மூன்று விதம்: யூரோ, மார்க், டெனார்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. போஸ்னியாவில் 'புரெக்' என்றால் மாமிசம். அதே அடையைக் கீரை வைத்தால் 'செல்யானிட்சா', உருளைக்கிழங்கு வைத்தால் 'க்ரொம்பிருஷா', பாலாடைக்கட்டி வைத்தால் 'சிர்னிட்சா'. பெயரைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தயிரும் தருவார்கள்.

எல்லாம் கல் பாவிய தெருக்கள். ரப்பர் அடி வைத்த செருப்பே நல்லது. போஸ்னிய மலைகளில் போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. குழந்தைகளைப் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள்.

யாராவது காபிக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். ஆனால் அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்!