கையில் பிடித்தால்தான் தெரியும்!

"உனக்கு ஒரு டேப்லெட் வாங்கப் போகிறோம், அம்மா!" என்று என் கணவர் கூடத்தில் நின்று அறிவித்தார்.

என் மாமியார் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காலையிலே மூணு, ராத்திரி ரெண்டு போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? இன்னும் ஒண்ணா? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?" என்றார்.

இது விழுங்குகிற மாத்திரை அல்ல, விரலால் தடவிப் பார்க்கிற கண்ணாடிப் பலகை என்று பாட்டிக்கு விளக்க என் பெண்ணுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. 2024 ஆவணியில் மாமியாருக்கு எண்பது வயது நிறைகிறது. புடவை வாங்கினால் பீரோவில் தூங்கும்; நகை வாங்கினால் என் பெண்ணுக்கு என்று எடுத்து வைத்துவிடுவார். ஆகவே அவரே உபயோகிக்கும்படி ஒன்று வாங்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு காரணமும் உண்டு. மாமியாருடன் பிறந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு தங்கை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். ஏழெட்டு வருஷங்களாக அவருக்குக் காது அறவே கேட்பதில்லை. கருவி வைத்துப் பார்த்தும் பயனில்லை. பிறகு செல்போனில் முகம் பார்த்துப் பேசும் வித்தையை என் பெண் இரண்டு பேருக்கும் கற்றுக் கொடுத்தாள். சித்தி வாயால் பேசுவார். மாமியார் சிலேட்டில் பலப்பத்தால் எழுதிக் காட்டுவார்.

"எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, அக்கா! பெரிசா எழுது!" என்று சித்தி கத்துவார். பெரிசாக எழுதினால் சிலேட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் இடம் இல்லை. அழித்து, எழுதி, அழித்து, எழுதிக் கை ஓய்ந்துபோய், "நாளைக்குப் பேசலாம்" என்ற இரண்டு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். சமீபத்தில் அந்த நாளைக்கு என்பது வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆகியிருந்தது.

ஆக, டேப்லெட் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. எந்த டேப்லெட் என்பதில்தான் வீட்டில் யுத்தம் மூண்டது. இன்ஜினீயரிங் படிக்கும் என் பையன் வேகக் கட்சி. என் கணவர் பாட்டரிக் கட்சி. என் பெண் அளவுக் கட்சி. நான் பணப்பைக் கட்சி. என் கட்சியில் வேறு அங்கத்தினர் கிடையாது.

போட்டியில் நின்றவை மூன்று. ஆப்பிள் கம்பெனியின் 8.3 அங்குல ஐபேட் மினி ஒன்று. அதே கம்பெனி 2022-ல் வெளியிட்ட 10.9 அங்குல ஐபேட் ஒன்று. சாம்சங் கம்பெனி 2023-ல் கொண்டுவந்த 11 அங்குல காலக்ஸி டேப் ஏ9 பிளஸ் ஒன்று.

"பதினொன்றுதான் பெரிசு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றாள் பெண்.

"மக்கு!" என்றான் அண்ணன்காரன். "அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்து சொல்வது. உண்மையில் அந்தப் பத்தே முக்கால் சொச்சம்தான் பெரிசு."

நான் நம்பவில்லை. காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினான். சாம்சங்கின் திரை நீளவாட்டில் ஒடுங்கியது. பரப்பு ஏறக்குறைய 54 சதுர அங்குலம். ஐபேடின் திரை கொஞ்சம் சதுரப் போக்கு. பரப்பு 55 சதுர அங்குலத்துக்கு மேல். ஒடுக்கமான பாயை மூலைக்கு மூலை அளந்தால் நீளமாகத்தான் இருக்கும்; அதற்காக அதில் இன்னும் ஒரு ஆள் உட்கார முடியுமா? இத்தனை வருஷம் டெலிவிஷன் பெட்டியைக்கூட இந்தக் கணக்குத் தெரியாமலேதான் வாங்கியிருக்கிறோம்!

அளவைப் பற்றிப் பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்றும் அவன் ஒரு கதை சொன்னான். 2010-ல் ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், 7 அங்குல டேப்லெட்டுகளைக் கேலி செய்து, அவற்றோடு உப்புத்தாளும் சேர்த்து விற்க வேண்டும், வாங்குகிறவர்கள் விரலைத் தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்றாராம். அவர் 2011-ல் காலமானார். மறு வருஷமே அதே கம்பெனி 7.9 அங்குலத்தில் ஐபேட் மினியை வெளியிட்டது. யாரும் விரலைத் தேய்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது பாட்டரி. சாம்சங் விளம்பரத்தில் 7040 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தது. ஐபேடுக்கு 28.6 வாட் மணி என்று போட்டிருந்தது. "ஏழாயிரம் எங்கே, இருபத்தெட்டு எங்கே!" என்று என் கணவர் துள்ளிக் குதித்தார்.

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, ஒருத்தன் ஆழாக்கிலே சொல்றான், இன்னொருத்தன் கிலோவிலே சொல்றான் போலிருக்கு. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராம எப்படிடா பெரிசு சின்னது சொல்றே?" என்றார்.

என் பையன் எழுந்து நின்று பாட்டிக்கு ஒரு கும்பிடு போட்டான். விஷயம் அதேதான். ஆம்பியர் கணக்கை வோல்ட்டால் பெருக்கினால்தான் வாட் கணக்கு வரும். இந்தப் பாட்டரிகளுக்கு வோல்ட் நாலுக்குச் சற்றுக் குறைவு. பெருக்கிப் பார்த்தால் சாம்சங்குக்கு 27 வாட் மணி சுமாருக்கு வருகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூட்டைதான்!

2010-ல் வந்த முதல் ஐபேடுக்குப் பாட்டரி 10 மணி நேரம் நிற்கும் என்றார்கள். 2022 மாடலுக்கும் அதே 10 மணிதான் சொல்கிறார்கள். எடை 680 கிராமிலிருந்து 477 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. வேகம் எத்தனையோ மடங்கு ஏறியிருக்கிறது. மணி மட்டும் அசையவில்லை. சம்பளம் உயர உயரச் செலவும் கூடவே உயர்கிற நம் குடும்பங்கள் மாதிரிதான். அந்தப் பத்து மணியும் படிக்கவும் படம் பார்க்கவும் சொன்ன கணக்கு. முகம் பார்த்துப் பேசினால் காமிரா, திரை, இணையத் தொடர்பு எல்லாம் ஒன்றாக உழைக்கும். பாட்டரி சீக்கிரம் கரையும்.

வேகத்தில் ஆப்பிளின் சிப்புகள்தான் முன்னே என்று பையன் அடித்துச் சொன்னான். "சரி, முகம் பார்த்துப் பேச எது போதும்?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "மூன்றுமே போதும்" என்று ஒப்புக்கொண்டான். வேகக் கட்சி அத்துடன் கலைந்தது.

மிச்சமிருந்தது எடை. கடைக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே எல்லாவற்றையும் மேஜையோடு சேர்த்துக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். தடவலாம், தூக்க முடியாது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசை எடுத்தேன். ஒரு பையில் 480 கிராம் துவரம்பருப்பு, இன்னொரு பையில் 293 கிராம். பெரியவை இரண்டும் முதல் கனம். மினி இரண்டாவது கனம். இரண்டையும் மாமியார் கையில் கொடுத்து, "போன் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள், அத்தை" என்றேன்.

கனமான பையை ஐந்து நிமிஷம்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது என்று கீழே வைத்துவிட்டார். சின்னப் பையைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். என் கணவர் தீர்ப்பு வழங்கினார்: "மினிதான்!" விலையை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றிலும் சிறியது அதுதான். விலையில் பெரியதும் அதுதான்.

மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு நாங்கள் புறப்படும்போதுதான் மாமியார் வாய் திறந்தார்.

"எனக்கு எதுக்குடா அது?"

"சித்தியோடு பேசத்தான், அம்மா!"

"அவ பேசறது என் காதிலே நல்லா விழுது. நான் எழுதறதுதானே அவளுக்குத் தெரியலே? பெரிசா வேண்டியது எனக்கா, அவளுக்கா?"

நாங்கள் நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். சதுர அங்குலம் கண்டுபிடித்தோம். வாட் மணி கண்டுபிடித்தோம். பருப்பை நிறுத்துப் பார்த்தோம். யாருக்கு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை!

"முதல்லேயே சொல்லியிருக்கலாமே, அத்தை?" என்றேன்.

"எண்பது வயசுக்கு எனக்கு வாங்கணும்னு ஆசையாச் சொன்னான். அதைத் தூக்கி அவளுக்குக் கொடுன்னு எப்படிச் சொல்றது?" என்றார், என் கணவர் முகத்தைப் பார்க்காமலே.

கணக்கு முழுவதும் தலைகீழாயிற்று. சித்தி தினம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர். 480 கிராம் அவருக்கு ஒரு கனமா? திரை பெரிதாக வேண்டும். அந்த ஊரில் மின்சாரம் நினைத்தபோது போகும். ஆகவே பாட்டரி நிற்க வேண்டும். வீட்டில் வேறு இணைப்புக் கிடையாது; உள்ளேயே சிம் போடும் வசதி வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தி, என் பணப்பைக்கும் பொருந்தியது அந்த 11 அங்குலம்தான். அரைக்கால் அங்குலச் சண்டையை என் பையன் பெருந்தன்மையுடன் மறந்துவிட்டான்.

என் கணவரே அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஆவணி மாதத்து ஒரு சாயங்காலம், பிறந்த நாளன்று, கூப்பிட்டோம். சித்தி அதை நெல் அளக்கிற மரக்காலில் சாய்த்து நிறுத்தி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் சிலேட்டில் எழுதினார். இந்தத் தடவை பெரிசாக அல்ல, நாலு வரி. "முட்டி வலி தேவலையா? எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாயா? வெந்நீரில் குளி. தனியாகக் கிணற்றடிக்குப் போகாதே."

சித்தி நாலு வரியையும் தடங்கலில்லாமல் உரக்க வாசித்தார். வாசித்து முடித்தவர் பதில் சொல்லாமல் திரைக்கு மிக அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

"அக்கா! ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?"

கட்டைவிரல் அளவு முகத்தில் இத்தனை நாளாய் அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாமியாரின் பலப்பம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு சிலேட்டைத் துடைத்து, "எனக்கு ஒண்ணுமில்லை. உனக்குத்தான் கண் பெரிசாகிவிட்டது" என்று எழுதிக் காட்டினார். சித்தி சிரித்த சிரிப்பில் அங்கே மரக்கால் ஆடியது.

அந்தச் சமயம் பார்த்து அந்த ஊரில் மின்சாரம் போயிற்று. கூடம் இருண்டது, டேப்லெட்டின் வெளிச்சத்தில் சித்தியின் முகம் மட்டும் தெரிந்தது. "போகட்டும், நீ எழுது!" என்றார் சித்தி.

அதற்கப்புறம் புதுப்புது மாடல்கள் வந்துவிட்டன, எண்களும் மாறிவிட்டன. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், அங்குலமும் வாட்டும் கடைக்காரர் சொல்வார், யாருடைய கைக்கு என்பதை மட்டும் வீட்டிலேயே கேட்டுக்கொண்டு போங்கள் என்கிறேன். கேட்காமல் போனதில் எங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. நிறுத்து வைத்த பருப்பில் அன்றைக்குச் சாம்பார் அளவு தப்பாமல் அமைந்தது!