பீரங்கிமேட்டுப் படமும் புளியந்தோப்புப் பட்டறையும்

தஞ்சாவூரின் பழைய கோட்டைக்குக் கிழக்கு வாசல் பக்கம், பீரங்கிமேட்டின் மேல் கிடக்கிறது ராஜகோபாலப் பீரங்கி. நீளம் ஏழரை மீட்டர். வெளிவிட்டம் 93 சென்டிமீட்டர், குழலின் உள்விட்டம் 63 சென்டிமீட்டர். எடை சுமார் 22 டன். மருந்தையும் குண்டையும் வாய்வழியே போட்டுச் சுடும் ரகம். ரகுநாத நாயக்கர் ஆண்ட காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தது. பார்க்கப் போகிறவர்கள் இந்த அளவுகளில் அசந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அது வார்த்த பீரங்கி அல்ல. உருக்கி அச்சில் ஊற்றாமல், இரும்பைக் காய்ச்சி, அடித்து, துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியது. பீரங்கியின் வாய்ப்பக்கம் நின்று பார்த்தால் நீளவாட்டில் அடுக்கிய பட்டைகளும் அவற்றைச் சுற்றி இறுகிய வளையங்களும் கண்ணுக்கே தெரியும்.

இதைப் பற்றி உலோகவியல் அறிஞர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். கான்பூர் ஐஐடியில் இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் டெல்லி இரும்புத் தூணை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தஞ்சைப் பீரங்கியையும் விரிவாக ஆராய்ந்தார். உலகில் அடித்துச் சேர்த்துச் செய்த இரும்புப் பீரங்கிகளில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அவர் எழுத்தில் கட்டுமானம் புரிந்தது. கை எப்படி வேலை செய்திருக்கும் என்பது புரியவில்லை. அதை இரும்பு அடிக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று படங்களை எடுத்துக்கொண்டு சென்னையின் புளியந்தோப்புக்குப் போனேன்.

பின்னி மில் 1996இல் மூடிய பிறகும் அந்தப் பக்கத்தில் இரும்புச் சத்தம் நிற்கவில்லை. ஆட்டுத்தொட்டியைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் லேத் பட்டறை, பழைய இரும்புக் கடை, வெல்டிங் ஷெட். நடுவில் ஒரு கொல்லுப்பட்டறை. துருத்தி போய் மின்சார ப்ளோயர் வந்துவிட்டது. மற்றபடி உலை, பட்டடைக்கல், தொட்டியில் தண்ணீர், சுவரில் வரிசையாகக் கொறடுகள் என்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு நங்கூரமும் கொக்கியும் அடித்துக் கொடுக்கிறார்கள். கட்டட வேலைக்காரர்கள் உளிக்கும் கடப்பாரைக்கும் கூர் தட்டிக்கொள்ள வருகிறார்கள். கொல்லருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சம்மட்டி அடிக்கும் பையன் பீகாரிலிருந்து வந்தவன். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, தேவையும் இல்லை. கொல்லர் கைச்சுத்தியால் இரும்பில் ஒரு இடத்தைத் தொட்டால் சம்மட்டி அங்கே விழுகிறது. சுத்தியைப் பட்டடைக்கல்லின் மேல் சாய்த்துவிட்டால் சம்மட்டி நிற்கிறது.

படத்தை வாங்கிய கொல்லர் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இன்னா சார், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்ட மாரி கீது" என்றார். அவருடைய அப்பா மாட்டுவண்டிச் சக்கரங்களுக்குப் பட்டா போட்டவராம். துறைமுகத்துக்கும் மூலக்கொத்தளத்துக்கும் பாரவண்டிகள் ஓடிய காலம். வட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக இரும்பு வளையம் அடித்து, வரட்டி அடுக்கித் தீ மூட்டி அதைச் சிவக்க வைப்பார்கள். சூட்டில் விரிந்த வளையத்தை நாலு பேர் கொறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் முனகுமாம். ஆணி இல்லை, பசை இல்லை. சக்கரம் ஆயுசுக்கும் பிரியாது.

தஞ்சைப் பீரங்கியின் அடிப்படையும் இதுதான். மரச்சக்கரத்தின் இடத்தில் இரும்புப் பட்டைகளால் ஆன குழல், அவ்வளவே வித்தியாசம்.

"செஞ்சு காட்டட்டுமா?" என்று கேட்டவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தடித்த பட்டைக்கம்பிகளை முழங்கை நீளத்துக்கு வெட்டி, ஒரு துண்டுக் குழாயைச் சுற்றி அடுக்கி, கட்டுக்கம்பியால் இறுக்கினார். பிறகு வளையம். "அரை நூல் கம்மியா இருக்கணும். ஒரு நூல் கம்மி பண்ணா ஏறாது, சரியா பண்ணா பிடிக்காது." நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வெல்டிங் மெஷின் பக்கத்து ஷெட்டிலேயே இருந்தது. ஆனால் பழைய முறையிலேயே வளையத்தின் வாயைச் சேர்க்கச் சொன்னேன். இரண்டு முனைகளையும் சரிவாகத் தட்டி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, உலைக்குள் வைத்தார். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகி, பொறி பறக்கத் தொடங்கும் வரை கண்ணை எடுக்கவில்லை. ஒரு பிடி மணலைத் தூவினார். மணல் உருகி, மேலே படிந்த துருவைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. வெளியே இழுத்ததும் கைச்சுத்தி ஒரு தட்டு, சம்மட்டி ஓர் அடி. அந்தச் சில நொடிகளுக்குள் ஒட்டினால் உண்டு, சூடு இறங்கிவிட்டால் பிறகு எத்தனை அடித்தாலும் ஒட்டாது.

அடுத்து வளையம் முழுவதையும் சிவக்க வைத்து அடுக்கிய பட்டைகளின் மேல் இறக்கினார்கள். உரசாமல் இறங்கியது. தண்ணீர் ஊற்றியதும் சீறியது. நீராவி அடங்கியபோது நான் கண்டதை மறக்க முடியாது. அதுவரை விறைப்பாக இருந்த கட்டுக்கம்பி தளர்ந்து தொங்கியது. வளையம் பட்டைகளை அவ்வளவு உள்ளே நெருக்கியிருந்தது. பையன் ஒரு பட்டையின் முனையில் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். அசையவில்லை.

இரும்பு சூட்டில் எவ்வளவு விரியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையத்தை 800 டிகிரிக்குக் காய்ச்சினால் விட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடும். தஞ்சைக் கொல்லர்கள் வேலை செய்தது இந்த ஒரு சென்டிமீட்டருக்குள்தான். வெப்பமானி கிடையாது. இரும்பின் நிறம்தான் அளவு.

பட்டறை வாசலில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பெரம்பூர் லோகோவில் ஸ்மித்தி ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லர் அவரை நைனா என்றுதான் கூப்பிடுகிறார். ரயில் சக்கரத்துக்கு டயர் மாட்டியதும் இதே வேலைதான் என்றார். படத்தை வாங்கியவர் நேராக வளையங்களின் ஒட்டுவாயைத் தேடினார். "தம்பி, ஒரு வளையத்தோட ஜாயிண்ட் இங்க இருந்தா அடுத்தது எதிர்ப்பக்கம் இருக்கணும். மேல ரெண்டாவது வரிசை போட்டா, கீழ ரெண்டு வளையம் சேர்ற எடத்த அது மூடணும். அப்பத்தான் காத்து வெளிய வராது." காற்று என்று அவர் சொன்னது மருந்து எரிந்து கிளம்பும் வாயுவை. அடித்துக் கட்டிய பீரங்கியின் உயிர்நிலை அதுதான். பட்டைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அதில் புகுந்து குழலைப் பிளந்துவிடும். 1460இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ராக்ஸ்பரோ முற்றுகையில் தம் பீரங்கி வெடித்துத்தான் செத்தார். எடின்பரோ கோட்டையில் இருக்கும் மான்ஸ் மெக் 1449இல் இதே பட்டை, வளைய முறையில் செய்தது. உள்விட்டம் அரை மீட்டர். அதுவும் ஒருமுறை சுட்டபோது வளையம் தெறித்துப் போனது.

அந்த மான்ஸ் மெக்கைவிடத் தஞ்சைப் பீரங்கியின் வாய் அகலம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராங் கம்பெனி நீராவிச் சம்மட்டி வைத்துக்கொண்டு, வளையம் சுருக்கி ஏற்றும் இதே தத்துவத்தில் 100 டன் பீரங்கிகளைச் செய்தது. மால்டாவிலும் ஜிப்ரால்டரிலும் இன்றும் இருக்கின்றன. அவையும் வாய்வழி மருந்து போடுபவையே. அவற்றின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர்.

பெரியவருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு?" சரியான கேள்வி. அன்று கட்டி இரும்பு கடையில் வாங்கும் சரக்கல்ல. மண் உலையில் கரியும் இரும்புக்கல்லும் போட்டு, பல மணி நேரம் துருத்தி ஊதினால் கிடைப்பது கசடு கலந்த சில கிலோக் கட்டி. அதை மறுபடி காய்ச்சி அடித்துக் கசடைப் பிழிய வேண்டும். அப்படிச் சேர்த்தது 22 டன். எத்தனை ஆயிரம் உலைகள், எவ்வளவு காடு கரியாயிற்று என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அடித்தும் போகாத கசடின் சுவடு அந்த இரும்புக்குள் இன்னும் இருக்கிறது. கரி உலையில் எடுத்த அந்த இரும்பில் உள்ள பாஸ்பரஸ்தான் மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, வெயிலிலும் மழையிலும் அது அரித்துப் போகாமல் காக்கிறது என்பது ஆய்வாளர்கள் முடிவு.

சுடும் வேலைக்கு வருவோம். மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. வழக்கமான விகிதம் 75, 10, 15. முதலில் மருந்தை நீளக் கரண்டியால் குழலின் அடிவரை கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அடைப்பு வைத்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு குண்டு. 60 சென்டிமீட்டர் விட்டத்தில் கருங்கல் குண்டு செதுக்கினால் எடை 300 கிலோ வரும். ஆள் தூக்கி வைக்கிற பொருளல்ல, ஏற்றம் கட்டித்தான் வாய்க்குக் கொண்டுவர முடியும். பின்புறம் பற்றுவாயில் மருந்துத்தூள் நிரப்பித் திரி வைக்க வேண்டும். ஒருமுறை சுட்ட பின் ஈரத்துணி சுற்றிய கோலால் குழலைத் துடைத்து, உள்ளே ஒரு பொறியும் மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் மறுபடி மருந்து. அவசரப்பட்டால் மருந்து கொட்டுகிறவன் கை போய்விடும். நம் கோயில் திருவிழாக்களில் இரும்புக் குழாயில் அதிர்வேட்டு கெட்டிக்கிறவர்களுக்கு இந்தப் பயம் இன்றைக்கும் தெரியும்.

இவ்வளவு செய்து, கிழக்குத் திசையை மட்டும் பார்த்துக் கிடக்கும், எளிதில் திருப்ப முடியாத ஒரு குழலை நல்ல ஆயுதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரி வேறு வாசலுக்குப் போனால் அது வெறும் இரும்பு. ஆனால் ஒரு வேலையாகப் பார்த்தால், தமிழ்நாட்டில் கையால் செய்த இரும்பு வேலைகளில் இதற்கு இணையாக ஒன்றை நான் அறியேன். செய்யச் சொன்ன நாயக்கரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. வளையம் ஏற்றியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. வங்காளத்தில் முர்ஷிதாபாத்தில் இருக்கும் ஜஹான் கோஷா பீரங்கி 1637இல் டாக்காவில் செய்தது. அதன் பாரசீக மொழித் தகட்டில் தலைமைக் கொல்லர் ஜனார்தன் பெயர் பொறித்திருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சையில் அதைவிட மிகக் கனமான பீரங்கியை அடித்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

புளியந்தோப்புக் கொல்லரின் மகன் ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் இருக்கிறான். உலைக்கு வர மாட்டான்; அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. "என்னோட முடிஞ்சிடும் சார்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். மணல் தூவி வெள்ளைச் சூட்டில் இரும்பை ஒட்டத் தெரிந்தவர்கள், அரை நூல் குறைத்து வளையம் அடிக்கத் தெரிந்தவர்கள் சென்னையில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கும்போதே ஒரு காரியம் நடக்க வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து இவர்களைப் பீரங்கிமேட்டுக்கு அழைத்துப் போகட்டும். அவர்கள் பார்த்துச் சொல்வதைப் பதிவு செய்யட்டும். பத்தில் ஒரு பங்கு அளவில், முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு மாதிரியை அவர்கள் கையாலேயே அடிக்கச் செய்து, முதல் பட்டையிலிருந்து கடைசி வளையம் வரை படம் பிடிக்கட்டும். செய்தவர்களின் பெயரை அதில் பொறிக்கட்டும்.