குட்டிப் படகும் என் ஒன்பது கிலோவும்

இந்தப் பதிவு டிராஃப்ட்லயே ரொம்ப நாளா தூங்கிட்டு இருந்துச்சு. சோம்பேறித்தனம் பாதி, வெட்கம் பாதி. படகைப் பத்தி எழுதணும்னா என் எடையைப் பத்தியும் எழுதணும். அதான் சிக்கல் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். பாறையும் நுரையுமா ஓடுற ஆத்துல போற கயாக்குல பல ரகம் உண்டு. எட்டு, ஒன்பதடி நீளத்துல, குண்டா, உருண்டையா இருக்குறது ஆத்தைப் பத்திரமா இறங்கிக் கடக்க. இன்னொண்ணு ப்ளேபோட். ஆறடி சொச்சம்தான் இருக்கும். இது எங்கேயும் போய்ச் சேர்றதுக்கான படகே இல்லை. ஒரே அலைமேல நின்னு சுத்தவும், குட்டிக்கரணம் அடிக்கவும் செஞ்சது. டவுன் பஸ்ஸுக்கும், பொருட்காட்சியில மரணக்கிணறு சுத்துற பைக்குக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்குங்களேன்.

ஒரே இடத்துல எப்படி நிக்கும்? பாறைமேல ஏறி விழுற தண்ணி, அடியில குழி பறிச்சு, மேல திரும்பவும் பின்பக்கமாவே சுருண்டு வரும். அந்தக் குழியை ஹோல்னு சொல்றாங்க. கீழ் நோக்கி ஓடுற தண்ணியும் மேல் நோக்கிச் சுருள்ற தண்ணியும் படகை நடுவுல பிடிச்சு வெச்சுக்கும். போட்டின்னா 45 நொடி. அதுக்குள்ள எத்தனை வித்தை காட்டுறோமோ அத்தனைக்கும் மார்க்.

அட்லாண்டாவுல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள கார்ல போயிடலாம், வட கரோலினாவுல நான்டஹாலா ஆறு. செரோக்கி மொழியில நடுப்பகல் சூரியனின் நிலம்னு அர்த்தமாம். பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழம், உச்சி வெயில்தான் தரையைத் தொடும். 1942-ல கட்டி முடிச்ச அணையோட அடித் தண்ணி, குழாய் வழியா மின்நிலையத்துக்கு வந்து ஆத்துல விழுது. அதனால கொளுத்துற ஜூலையிலயும் 10 டிகிரிக்குக் கீழதான் இருக்கும். சுமார் 13 கிலோமீட்டர் ஓட்டம், கடைசியில ஒரு சின்ன அருவி. 2013 உலக ஃப்ரீஸ்டைல் சாம்பியன்ஷிப் அந்த அருவிக்குக் கீழேதான் நடந்துச்சு. அதோட வீடியோக்களைப் பார்த்துத்தான் அடியேனுக்குக் கிறுக்கு பிடிச்சது.

பழைய படகு ஒண்ணு விலைக்கு வந்துச்சு. (கம்பெனி பேர் வேணாம். பாவம், கடைசியில அவங்க மேல தப்பே இல்லைன்னு ஆயிடுச்சு.) விக்கிறவர் கேட்ட ஒரே கேள்வி, "உன் எடை என்ன?". நான் கொஞ்சமும் யோசிக்காம எழுபது கிலோன்னேன். மேட்ரிமோனியல் ப்ரொஃபைல்ல போட்டிருந்த எடை அது. "அப்போ இது உனக்குச் சரியா இருக்கும்"னு கார் மேல கட்டி விட்டுட்டார்.

2023 ஜூன். முதல் தடவை அதுல ஆத்துல இறங்கினேன். உட்காருறதே ஒரு வேலை. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு, முதுகுக்குப் பட்டை, தொடைக்குக் கொக்கி. நல்லா இறுக்கி உட்கார்ந்தா, போட்டுக்குறதுக்குப் பதிலா உடுத்திக்குற படகு. பாதத்துக்கு இடம் கம்மி. செருப்பு, ஷூ எதுவும் நுழையாது. மெல்லிசு சாக்ஸ் மட்டும்தான். நாப்பது நிமிஷத்துல கால் மரத்துப் போகும்.

முதல் திருப்பத்துக்கு அப்புறம், வேகமா ஓடுற தண்ணிக்கும் கரையோரமா எதிர்ப்பக்கம் சுத்துற தண்ணிக்கும் நடுவுல ஒரு கோடு. அதைத் தாண்டினேன். தாண்டலை. பின்பக்க ஓரத்தை யாரோ கையால பிடிச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சு, அடுத்த நொடி தலைகீழ். துடுப்பை வெச்சு நிமிர்றதுக்கு ரோல்னு பேர். நீச்சல் குளத்துல பத்துக்கு ஒன்பது வரும் எனக்கு. இங்கே ஒண்ணு, ரெண்டு, மூணு, வரலை. அந்தக் குளிர்ல நெஞ்சு இறுகி, மூச்சே நமக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிடும். ஸ்கர்ட்டைப் பிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். முழங்கால் பாறையில இடிச்சு, துடுப்பு ஒரு பக்கம், படகு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூட வந்த ஆபீஸ் நண்பர் ஒவ்வொண்ணா பொறுக்கிக் கரை சேர்த்தார்.

அதே நாள் இன்னும் ரெண்டு தடவை. அடுத்த மாசம் நாலு. திரும்பி வர்ற வழியில கார்ல பாட்டுகூட போடலை. நமக்கெல்லாம் இது எதுக்கு, கம்மாயில குளிச்சு வளர்ந்தவன் கம்மாயோட நின்னிருக்கணும்னு தோணுச்சு. உண்மையைச் சொன்னா, பயம். ஆத்துக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வர்றதில்லை. வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது அம்மாகிட்ட "சும்மா ஃப்ரெண்ட்ஸோட போட்டிங்"னு சொல்லி வெச்சிருந்தேன். மூணு மாசம் படகு பால்கனியில துணி காயப்போடத்தான் உதவிச்சு.

குளிர்காலத்துல ஒரு நாள் வெட்டியா இருந்தப்போ, பொட்டி தட்டுறவன் புத்தி வேலை செஞ்சது. பக் எங்கேன்னு தெரியலைன்னா முதல்ல இன்புட்டைச் செக் பண்ணு. பாத்ரூம் தராசுல ஏறினேன். 79. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஸ்கர்ட், ஈரமான வெட்சூட், துடுப்பு எல்லாத்தோடயும் திரும்ப ஏறினேன். 86.

இனி ஆர்க்கிமிடீஸ் பார்த்துக்குவார். அந்தப் படகோட கொள்ளளவு 50 கேலன், அதாவது 189 லிட்டர். படகு 14 கிலோ. மொத்தம் 100 கிலோவைத் தாங்க 100 லிட்டர் தண்ணியைத் தள்ளணும். அப்போ படகுல 53 சதவீதம் தண்ணிக்குள்ள. நான் சொன்ன 70 கிலோ உண்மையா இருந்திருந்தா 91 லிட்டர், 48 சதவீதம். அஞ்சு சதவீதம்தானேன்னு தோணும். ஆனா தண்ணி மட்டத்துல இந்தப் படகோட பரப்பு முக்கால் சதுர மீட்டர் சொச்சம்தான். ஒன்பது லிட்டரை அதுல பரப்பினா, ஒரு சென்டிமீட்டருக்கு மேல கூடுதலா அமுங்கும்.

அந்த ஒரு சென்டிமீட்டர்தான் எல்லாம். ப்ளேபோட்டோட முனைகளை வேணும்னே தட்டையா, மெல்லிசா செஞ்சிருப்பாங்க. நாம சாய்ஞ்சு அமுக்கினா மூக்கோ வாலோ தண்ணிக்குள்ள முங்கணும், அப்பத்தான் கார்ட்வீல் அடிக்க முடியும். நடுவுல, உட்கார்ற இடத்தைச் சுத்திக் குண்டா இருக்கும். முங்கினது மேல எகிற அதுதான் உதவும். அடிப்பாகம் தட்டை, பலகை மாதிரி அலைமேல வழுக்கிட்டுச் சுத்த. ஓரத்துல கூர்மையான மடிப்பு, சைன்னு சொல்வாங்க, அலையைக் கத்தி மாதிரி வெட்டித் திரும்ப. இத்தனையும் சரியான உயரத்துல மிதந்தாத்தான் நடக்கும். என்னை மாதிரி ஒன்பது கிலோ கூடினா, நான் அமுக்காமலே பின் ஓரம் மேல் தண்ணிக்குள்ள போயிடும். அமுக்கின அந்தக் கை ஆத்தோட கை.

வேகமும் அப்படித்தான். தட்டையான தண்ணியில ஒரு படகோட வேக எல்லைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. தண்ணியைத் தொடுற நீளத்தை அடியில எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 1.34 ஆல பெருக்கினா நாட். முன்னும் பின்னும் வளைஞ்சு மேல தூக்கி இருக்கிற ஆறடிப் படகுல அஞ்சடிதான் தண்ணியைத் தொடும். மூணு நாட், மணிக்கு அஞ்சரை கிலோமீட்டர். வாக்கிங் போற வேகம். எவ்வளவு துடுப்பு போட்டாலும் அதுக்கு மேல போறது கஷ்டம், அதனால ஆபத்தான இடத்துல இருந்து ஓடித் தப்பிக்க முடியாது. இது குறை இல்லை, குட்டைப் படகுக்குக் கொடுக்குற விலை. 1980-கள்ல பேர் வாங்கின பெர்செப்ஷன் டான்சர் 11 அடிக்கு மேல. அது ஓடும், ஆனா ஆறடிப் படகு போடுற கரணம் அதுல வராது.

2024 வசந்தத்துல அதே மாடல், அடுத்த சைஸ், 60 கேலன் வாங்கினேன். 227 லிட்டர்ல 101. 44 சதவீதம். அதே ஆறு, அதே கோடு. தாண்டினேன். ஓரம் லேசா உரசிச்சு, விட்டுடுச்சு. நம்பிக்கை வராம திரும்பப் போய் இன்னொரு தடவை தாண்டினேன். அன்னைக்கு மூணு தடவை கவுந்தேன், மூணு தடவையும் ரோல் வந்துச்சு. சின்ன ஹோல் ஒண்ணுல பக்கவாட்டுல உட்கார்ந்து, தட்டையா ஒரு முழுச் சுத்து சுத்தினேன். கரையில நின்ன நண்பர் விசில் அடிச்சார். குட்டிக்கரணம் இன்னும் வரலை, வந்தா தனிப் பதிவு கண்டிப்பா உண்டு.

பழைய படகை ஒரு கல்லூரிப் பொண்ணு வாங்கினாங்க. ஆத்தங்கரையிலயே கைமாத்தினோம். வாங்கின கையோட இறங்கி, பத்து நிமிஷத்துல வாலை முங்கடிச்சு, மூக்கை வானத்துக்குத் தூக்கி நிறுத்தினாங்க. ஒரு சீசன் முழுக்க என்னை ஆத்துக்குள்ள தள்ளின படகு, அவங்க இடுப்பு அசைச்ச பக்கமெல்லாம் போச்சு. நான் மாசக்கணக்கா திட்டித் தீர்த்த படகு அது.

கரைக்கு வந்ததும் ஆர்வக் கோளாறுல, "உங்க எடை என்ன?"ன்னு கேட்டுட்டேன். முறைச்சாங்க பாருங்க. அவசர அவசரமா ஆர்க்கிமிடீஸ் கணக்கு எல்லாம் சொல்லி விளக்கினதும் சிரிச்சுட்டு, 57 கிலோன்னாங்க. உண்மையான எடையாத்தான் இருக்கணும். படகு பொய் சொல்லாதே.

டிஸ்கி: மேட்ரிமோனியல் ப்ரொஃபைல்ல எடையை மாத்தியாச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, ரெண்டைப் பத்தியும் :-)