தட்டும் ஓசை



கடந்த பள்ளி விடுமுறையில் நான்கு நாள்கள் நானும் என் மகனும் வீட்டு முற்றத்தில் மகிழுந்தின் அடியில் படுத்துக் கிடந்தோம். அந்த அனுபவத்தை ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என்னுடையது 1.5 புரோட்டோன் வீரா. 2006ஆம் ஆண்டில் பழைய வண்டியாக வாங்கினேன். ஈப்போவிலிருந்து தாப்பா அருகிலுள்ள தோட்டப்பள்ளிக்கு நாள்தோறும் சென்று திரும்பியதில் 3 இலட்சத்து 18 ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. ஒரு நாள் மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்டது. வேகம் கூடக் கூட ஓசையும் விரைந்தது. சாலை விளக்கில் நின்றபோது எண்ணெய் விளக்கு மின்னி மறைந்தது. அளவுகோலை இழுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டுமே எண்ணெய் இருந்தது. அதைச் சோதித்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. குற்றம் வண்டியினுடையதன்று, என்னுடையதே.

எங்கள் தாமானில் ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து, காப்பிட்ட குறடால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியதும் ஓசை தணிந்தது. "சார், மூன்றாவது ராடு பேரிங் தேய்ந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் ராடு எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும்" என்றார்.

பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைப்பது ராடு. அது தண்டைப் பற்றும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் உள்ளன, அவையே பேரிங். ஓடும்போது தகடும் தண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. தகடு தேய்ந்தால் இடைவெளி கூடும். எண்ணெய் வழிந்தோடி அழுத்தம் குறையும். ராடு தண்டைத் தட்டத் தொடங்கும்.

பட்டறையில் கேட்ட தொகை என் கைக்கு எட்டவில்லை. "நாமே செய்யலாம், அப்பா" என்றான் மகன். அவன் மூன்றாம் படிவ மாணவன். கணிதத்தில் நாற்பது புள்ளிகளைத் தாண்டுவதே அரிது. தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க விரும்புவதாகவும் விண்ணப்பத்திற்கு என் விவரங்கள் வேண்டும் என்றும் மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லியிருந்தான். 'பார்க்கலாம்' என்று நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் மகன் பட்டறைக்குப் போவதா என்ற எண்ணம்தான். அதை இங்கு மறைத்துப் பயனில்லை.

வண்டியைத் தூக்கி, தாங்கிகளின்மேல் உறுதியாக நிறுத்தினோம். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக்கூடாது என்பது முதல் விதி. எண்ணெயை வடித்தபோது அதில் உலோகத் துகள்கள் மினுமினுத்தன. வழியில் நின்ற புகைக்குழாயைக் கழற்றி, எண்ணெய்த் தொட்டியையும் இறக்கினோம். மூன்றாவது ராடின் மூடியைத் திறந்ததும் தகட்டின் சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்து, செம்பு நிறம் வெளிப்பட்டிருந்தது.

ஒன்றும் நான்கும் பிஸ்டன்கள் சேர்ந்தே இறங்கும். இரண்டும் மூன்றும் அவ்வாறே. எனவே தண்டை அரைச்சுற்றுத் திருப்பி, இரண்டிரண்டாக வேலை பார்த்தோம். ராடின் போல்ட்டு முனைகள் தண்டைக் கீறாதிருக்க இரப்பர்க் குழாய்த் துண்டுகளை மாட்டினான் மகன். தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தோம், எங்கும் தடுக்கவில்லை. போர்மேன் தந்த மைக்ரோமீட்டரும் நல்ல செய்தியே சொன்னது. தண்டில் கீறல் விழுந்திருந்தால், அதைக் கழற்றிச் சென்று கடைந்து, தடிப்புக் கூடிய பேரிங் போட வேண்டியிருக்கும். வீட்டு வேலை அத்தோடு முடிந்திருக்கும்.

மூடிகளைத் துடைத்துப் பொருத்தியபோது நான் அவசரப்பட்டேன். மூன்றாவது மூடியில் நட்டை முடுக்கப் போகையில், "நில்லுங்கள், அப்பா. இரண்டு தகடுகளின் வெட்டும் ஒரே பக்கம் வரவில்லை" என்றான். மூடியைத் திருப்பிப் போட்டிருந்தேன். அப்படியே முடுக்கியிருந்தால் புதிய பேரிங் சில நிமிடங்களில் பாழாகியிருக்கும். தண்டும் உடன் போயிருக்கும்.

பிறகு இடைவெளியை அளந்தோம். பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு போன்ற இழையை எண்ணெயில்லாத தண்டின்மேல் வைத்து, மூடியைக் குறித்த விசையில் முடுக்கி, தண்டைச் சுழற்றாமல் மீண்டும் கழற்ற வேண்டும். நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள், "0.04 மில்லிமீட்டர்" என்றான். "இழை அகலமானால் இடைவெளி குறைவு, அப்பா. ஒன்று கூடினால் மற்றது குறையும்" என்று விளக்கமும் சொன்னான்.

நான் வாயடைத்துப் போனேன். எதிர்விகிதம் புரியவில்லை என்று அவனை எத்தனை இரவுகள் கடிந்திருக்கிறேன்! தாளில் புரியாதது கையில் புரிந்திருந்தது. வகுப்பில் என் மாணவர்களுக்குக் குச்சியும் கல்லும் கொடுத்துக் கணக்குச் சொல்லித் தருபவன் நான். பயிற்சிக் கல்லூரியில் அதைத்தான் கற்றேன். வீட்டில் மட்டும் அதை மறந்துவிட்டேன்.

இழையைத் துடைத்தெடுத்து, தகட்டின் உட்புறத்தில் மட்டும் எண்ணெய் தடவினோம். முதுகுப்புறம் உலர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பொருத்திப் புதிய எண்ணெய் ஊற்றினோம். எரிபொருளும் தீப்பொறியும் செல்லாமல் துண்டித்து, எண்ணெய் விளக்கு அணையும்வரை எஞ்சினை வெறுமனே சுழற்றிய பின்னரே உயிர் கொடுத்தோம். தட்டும் ஓசை இல்லை. மகன் ஒன்றும் பேசாமல் எஞ்சின்மேல் கைவைத்து நின்றான். கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைத்தோம்.

அன்றிரவு அவனைக் கணினியின் முன் அமரச் சொன்னேன். விண்ணப்பத்திற்கான என் விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் விரல்கள் பட்ட எழுத்துகளில் எல்லாம் கருநிற எண்ணெய்க் கறை ஒட்டிக்கொண்டது. இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. கிடைக்காவிட்டாலும், 'பார்க்கலாம்' என்று இனிச் சொல்லமாட்டேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்க்கிறேன். தேய்ந்த அந்தத் தகட்டை என் மேசையில் வைத்திருக்கிறேன். ஓசை வருவதற்கு முன்பே விளக்கு மின்னியிருக்கும்; நான்தான் கவனிக்கவில்லை. பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, உங்கள் பிள்ளைகள் மூன்று வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருப்பது எது என்று இன்றே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.