கோபுர லைட்டை ஏன் அணைக்கச் சொல்றோம்

அக்டோபர், நவம்பர்ல ராத்திரி இடி மழை பெய்ஞ்சா, மறுநாள் காலையில கோயிலைக் கூட்ட வர்ற நாங்க முதல்ல போய்ப் பார்க்கிறது மண்டபத்துக் கண்ணாடிக் கதவைத்தான். போன வருஷம் அங்க ரெண்டு பறவை கிடந்துச்சு. பச்சை முதுகு, நீலச் சிறகு, அடிவயிறு குங்குமச் சிவப்பு. ஒண்ணுக்கு உயிர் போயிருந்துச்சு. இன்னொண்ணுக்கு மூச்சு இருந்துச்சு.

இது நீலச்சிறகு பிட்டா. தமிழ்நாட்டுல ஆறுமணிக்குருவின்னு சொல்வாங்களே, அதுக்குச் சொந்தம். தாய்லாந்து, மியன்மார் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு சிங்கப்பூர், சுமத்ரா பக்கம் வருது. பயணம் ராத்திரியிலதான். மேகம் இறங்கி மழை கொட்டினா தாழப் பறக்கும். வெளிச்சத்துல குழம்பிக் கண்ணாடியில மோதிடும். இந்தச் சின்னத் தீவுல இருட்டான இடம் எங்க இருக்கு?

மூச்சு இருந்ததைத் துண்டு விரிச்ச அட்டைப் பெட்டியில வெச்சு, காத்துக்கு ஓட்டை போட்டு மூடினோம். ஒரு பாட்டி பால் ஊத்தச் சொன்னாங்க. நல்ல மனசுதான், ஆனா அடிபட்ட பறவைக்குத் தண்ணிகூட ஊத்தக் கூடாது. விலங்கு மீட்புக் குழு வந்து எடுத்துட்டுப் போனாங்க.

அதனாலதான் அர்த்தஜாம பூஜை முடிஞ்சதும் கோபுர ஃபோகஸ் லைட்டை அணைக்கலாமான்னு நிர்வாகத்துல கேட்டிருக்கோம். நவம்பர் முடியிற வரைக்கும்தான். சன்னதி விளக்கு எப்பவும் போல எரியும். கோபுரம் இருட்டா இருந்தா சிலருக்கு வருத்தம், புரியுது. தீபாவளி ராத்திரி மட்டும் எரியட்டும்.