சக்கரமும் சரிகைக் கரையும்

புடவைக் கடையில் ஆண்கள் படும் அவஸ்தையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. டயர் விஷயத்தில் பெண்கள் படும் அவஸ்தையை யாராவது எழுத வேண்டாமா?

என் மாமியாருக்குக் கொடும்பாளூரில் கொஞ்சம் நிலமும் ஓட்டு வீடும் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் வானதியின் ஊர்தான். திருச்சி-மதுரை சாலையிலிருந்து மூவர் கோயில் வரையில் எந்த வண்டியும் போகும். (பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று கோயில்களில் இப்போது நிற்பவை இரண்டுதான்.) எங்கள் வீடோ அதற்கும் அப்பால், கண்மாய்க் கரையைத் தாண்டி. வழியெல்லாம் சரளை, மழை பெய்தால் சேறு, மழை ஓய்ந்தால் சீமைக் கருவேல முள். இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்ட அத்தை மாதம் ஒரு தடவை திருச்சி டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். ஊரை விட்டு வரவும் மாட்டார்கள். ஆகவே நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வாங்குவதென்று தீர்மானமாயிற்று.

2020-இல் வந்த மகிந்திரா தாரில் இரண்டு அளவு டயர்கள் உண்டு: 255/65 ஆர் 18, 245/75 ஆர் 16. "பதினெட்டுதான்!" என்றார் என் வீட்டுக்காரர். பெரிய எண் அல்லவா!

நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ரப்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! பெருக்கிக் கூட்டினால் பதினெட்டின் முழு உயரம் 789 மில்லிமீட்டர், பதினாறுக்கு 774. வித்தியாசம் 15. அதிலும் பாதிதான் வண்டியின் வயிற்றைத் தரையிலிருந்து தூக்கும். ஒரு சுண்டு விரல் கனம்கூட இல்லை. ஆனால் ரப்பரின் உயரமோ பதினெட்டில் 166, பதினாறில் 184.

புடவையைப் போலத்தான். கரையை அகலமாக்கினால் உடல் குறுகும். ரிம் என்பது சரிகைக் கரை, பார்க்க அழகு. குழியில் விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும். அது குறைந்தால் மிச்சம் அத்தையின் இடுப்புக்குத்தான் போகும். கூரான கல்லில் ஏறினால், குட்டையான டயர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பக்கவாட்டில் கிழிந்துவிடும். நடுவில் முள் குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் புது டயர்தான்.

இவருடைய சிநேகிதர் ஒருவர், "33 அங்குல டயர் போடுங்கள் சார்! மாட்டு வண்டிச் சக்கரம் அத்தனை உயரமாக இருப்பது எதற்காக? குழியில் இறங்காமல் உருளத்தானே?" என்றார். வாஸ்தவம். ஆனால் மாட்டுக்குக் கியரும் ஸ்பீடாமீட்டரும் கிடையாதே! பதினாறை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால் முள் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்தைந்தில் ஓடும். இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், திருப்பும்போது மட்கார்டில் உரசினாலும் உரசும். வண்டியின் தளமும் ஓர் அங்குலத்துக்கு மேல் உயரும். இப்போதே அத்தை ஏறுவதற்கு முக்காலி வேண்டியிருக்கிறது.

"நீ எந்தக் காலேஜில் மெக்கானிக் படிப்புப் படித்தாய்?" என்றார் இவர். ஆனாலும் பதினாறுதான் வந்தது. ரிம் சாதாரண எஃகு. சற்று வளைந்தாலும் பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம் என்பது அத்தையின் அபிப்பிராயம். பின்னால் தொங்கும் ஸ்பேரும் அதே அளவுதானா என்று நான் குனிந்து படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டினோம்.

ஐப்பசி மழையில் கண்மாய்க் கரைச் சேற்றுக்கு முன்னால் இவர் இறங்கி டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். டயர் பரந்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. தார் ரோடு வந்ததும் திரும்ப அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் சூடேறிவிடும். பம்பு அடித்து முடிப்பதற்குள் அத்தை பின் சீட்டில் தூங்கிப் போயிருந்தார்கள்.