வைரம் பாய்ந்த மரம்

தேக்கிற்கு அரபு மொழியில் ‘ஸாஜ்’ என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மஸ்ஜிதுந் நபவீயின் கூரை பேரீச்ச மட்டையால் வேயப்பட்டிருந்தது. ஹிஜ்ரி 29இல் ஹஸ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் பள்ளியைப் புதுப்பித்தபோது, கூரைக்கு ஸாஜ் மரத்தை இட்டார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரீயால் அறிகின்றோம். தேக்கு அரபு மண்ணில் விளைவதன்று. இந்தியா, பர்மா முதலிய கீழை நாடுகளின் காடுகளுக்கு உரியது.

இத்துணைப் பெருமை அதற்கு எதனால் வந்தது? உள்ளே ஊறிய எண்ணெய்ப் பற்றே முதற் காரணம். அது கரையானை அண்டவிடாது; நீரை எளிதில் ஏற்காது. நன்கு காய்ந்த தேக்கில் சுருக்கமும் முறுக்கமும் மிகக் குறைவு. ஆதலின் மழைக் காலத்திலும் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதில்லை. கப்பல் கட்டுவோர் அதனை விரும்பியதும் இக்குணங்களாலேயே. ஆயினும் தச்சருக்கு அது முற்றிலும் எளிய மரமன்று. அதிலுள்ள மணற்சத்து உளியின் வாயை விரைவில் மழுக்கும். எண்ணெய்ப் பற்றோ பசையை ஒட்டவிடாது. புதிதாய் இழைத்த முகத்தில் தாமதியாது ஒட்டினால்தான் பிடிக்கும்.

நாம் ஓதிக்கொடுக்கும் மஹல்லாப் பள்ளியின் பழைய தேக்குக் கதவை விற்றுவிட்டு, இரும்புக் கதவு இடலாமென்று சென்ற ஆண்டு ஜமாஅத்தில் பேச்சு எழுந்தது. அடிப்பலகையின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. பழம்பொருள் வணிகர் ஒருவர் விலையும் பேசிவிட்டார். மரம் அறிந்த ஒருவரிடம் காட்டிய பின் முடிவு செய்வோம் என்று கேட்டுக்கொண்டோம். வந்த முதிய ஆசாரியார் அரித்த இடத்தை உளி முனையால் சுரண்டினார். இரண்டு விரற்கடை சென்றதும் உளி நின்றுவிட்டது.

“ஹஜ்ரத், கரையான் தின்றது வெளிறை. வைரத்தை அது தொடவே இல்லை” என்றார்.

அகத்தே காழ் உடையதையே மரம் என்றார் தொல்காப்பியர். காழ் என்பதும் வைரமே. அந்த வைரம் தேக்கில் ஏறப் பல்லாண்டுகள் வேண்டும். இளமையில் வெட்டியதில் வெளிறே மிகுதி. அது பெயரால் தேக்காயினும் கரையானுக்கு உணவே. மியான்மர் அரசு 2014இல் அறுக்காத தடிகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. எனவே பழங்கதவை விற்றால் பணம் வரும். அத்தகைய பலகை மீண்டும் வருவது அரிது. இதனை ஜமாஅத்தாரிடம் எடுத்துரைத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, முதிர்ந்த தேக்கில் ஒரு துண்டைப் பொருத்தினார் ஆசாரியார்.

உங்கள் இல்லத்துப் பழங்கதவை அகற்ற எண்ணுவீராயின், முதலில் உளி முனையால் சோதித்துப் பாருங்கள். புதிய தேக்கு வாங்குவீராயின், அறுத்த முகத்தை நோக்குங்கள். பொன்னிறப் பழுப்பே வைரம். வெளுத்த மஞ்சள் வெளிறு. விலை கொடுப்பது வைரத்திற்காக இருக்கட்டும்.